ஒரு வீடு, ஒரு கணினி

நுழையும் முன்

இன்றைய கல்வியில் கணினிக்குத் தனி இடம் உண்டு. ஆயினும், நம் நாட்டில் பெரும்பாலான வீடுகளுக்கு ஒரு கணினி வாங்குவதே பெருஞ்செலவாகும். அச்செலவைச் செய்யும்போது மடிக்கணினியை வாங்குவதா, மேசைக்கணினியை வாங்குவதா என்னும் வினா எழுகிறது. இவ்வினாவிற்குக் கட்டுரையாசிரியர் தம் விடையைக் காரணங்களுடன் முன்வைக்கிறார். அவர் கருத்தை நீங்கள் ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம். எதைச் செய்தாலும் காரணம் காட்டிச் செய்தல் வேண்டும்.

அளந்து செய்யும் செலவு

மாணவர்களே! 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது பழமொழி. ஆற்றில் போட்ட பொருள் மீண்டும் கைக்கு வாராது. அதற்கே அளவு வேண்டுமெனில், ஐந்தாறு ஆண்டுகள் வீட்டிலிருந்து பயன் தரவேண்டிய பொருளுக்கு எத்துணை அளவு வேண்டும்! கணினி அத்தகைய பொருள். மாத ஊதியத்தில் வாழும் குடும்பம், பல மாதச் சேமிப்பைக் கொடுத்தோ, தவணைக் கடன் பெற்றோதான் அதனை வாங்குகிறது.

தில்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லேமிங்டன் சாலை, பெங்களூரின் எஸ்.பி. சாலை, சென்னையின் ரிச்சி தெரு ஆகியவை கணினி விற்பனைக்குப் பெயர்பெற்ற கடைத்தெருக்கள். அங்கே நுழைந்தவுடன், "எவ்வளவு விலைக்குள் வேண்டும்?" என்று கேட்பார்கள். "வீட்டில் எத்தனை பேர் பயன்படுத்துவீர்கள்? எங்கே வைப்பீர்கள்? எத்தனை ஆண்டுகள் வைத்திருக்க எண்ணுகிறீர்கள்?" என்று கேட்பவர் அரியர். அவ்வினாக்களை நாமே வீட்டில் கேட்டுக்கொண்டு கடைக்குச் செல்ல வேண்டும்.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறேன். படிக்கும் பிள்ளைகள் இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் இருந்து, ஒரே ஒரு கணினிக்கு மட்டுமே பணமும் இருக்கும் வீட்டிற்கு மேசைக்கணினியே ஏற்றது. இக்கருத்து இன்றைய வழக்கத்திற்கு மாறானதாகத் தோன்றலாம். மடிக்கணினியே புதுமை, மேசைக்கணினி பழமை என்னும் எண்ணம் பரவியிருக்கிறது. உண்மையில் இரண்டும் ஏறத்தாழ ஒரே வயதுடையவை. புகழ்பெற்ற ஐ.பி.எம். தனிக்கணினி வெளிவந்த 1981 ஆம் ஆண்டிலேயே, கையில் எடுத்துச் செல்லத்தக்க ஆஸ்போர்ன்-1 என்னும் கணினியும் விற்பனைக்கு வந்தது. அதன் எடை சுமார் 11 கிலோ! ஆகவே, புதியது எது, பழையது எது என்பதன்று வினா; நம் வீட்டிற்கு ஏற்றது எது என்பதே வினா.

யாருடைய கணினி?

2020 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனா பெருந்தொற்றினால் நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. பள்ளிகள் மூடப்பட்டன. வகுப்புகள் திரைக்கு இடம்பெயர்ந்தன. அப்போது எண்ணற்ற வீடுகளில் ஒரே ஒரு கைப்பேசி இருந்தது. படிக்கும் பிள்ளைகளோ இருவர், மூவர் இருந்தனர். ஒரே நேரத்தில் இருவருக்கு வகுப்பு நடந்தால் கருவி யார் கைக்குச் சென்றது? பெரிய வகுப்பில் படிப்பவர் முதலில் பெற்றார். பல வீடுகளில் மகன் முதலில் பெற்றான், மகள் காத்திருந்தாள். கருவி ஒன்றாக இருக்கும்போது அதனைப் பங்கிடும் முறைதான் யார் கற்கிறார், யார் கற்கவில்லை என்பதை முடிவு செய்கிறது.

மடிக்கணினி இயல்பாகவே ஒருவருக்கு உரிய கருவி. அது ஒருவரது பையில் இருக்கும். ஒருவரது அறையில் இரவைக் கழிக்கும். அண்ணன் கல்லூரிக்கு எடுத்துச் சென்றால், தங்கை மாலைவரை காத்திருக்க வேண்டும். தந்தை அலுவலகப் பயணத்திற்கு எடுத்துச் சென்றால், வீட்டில் உள்ளோர்க்கு அது இல்லாத பொருளாகிவிடும். பெயரளவில் குடும்பத்தின் சொத்தாக இருப்பினும், நடைமுறையில் வலியவர் ஒருவரின் உடைமையாக அது மாறிவிடுகிறது.

மேசைக்கணினி நடுக்கூடத்தில் ஓரிடத்தில் நிற்கிறது. அதனைத் தூக்கிச் செல்ல இயலாமை குறையன்று. பலர் பகிரும் வீட்டில் அதுவே அதன் சிறப்பு. மேசைக்கு மேலே ஒரு கால அட்டவணையை ஒட்டிவைக்கலாம். மாலை 5 மணி முதல் 6 மணி வரை ஒருவர், 6 மணி முதல் 7 மணி வரை மற்றொருவர் என வகுத்துக்கொள்ளலாம். ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கும் கடவுச்சொல்லும் அமைத்துக்கொண்டால், ஒருவரது கோப்பு மற்றவர் கையால் அழியாது. அன்னையும் பாட்டியும்கூட அருகில் அமர்ந்து கற்றுக்கொள்ளலாம். சிறுவர்கள் இணையத்தில் என்ன பார்க்கிறார்கள் என்பதும் பெரியவர்கள் கண்ணில் இயல்பாகவே படும். அதற்கெனத் தனிக் காவல் வேண்டியதில்லை.

விலையை ஒப்பிடும் முறை

மேசைக்கணினி விலை குறைந்தது என்று பலர் கூறுவர். இக்கூற்றை அப்படியே ஏற்றல் கூடாது. கடைக்காரர் கூறும் விலை பெரும்பாலும் கணினிப்பெட்டிக்கு மட்டும் உரியது. மடிக்கணினியிலோ திரை, விசைப்பலகை, ஒலிபெருக்கி, படக்கருவி, ஒலிவாங்கி, வைஃபை, மின்கலம் ஆகிய அனைத்தும் உள்ளடங்கியுள்ளன. ஆகவே நேர்மையான ஒப்பீடு வேண்டுமெனில், கணினிப்பெட்டியின் விலையோடு கீழ்க்காண்பவற்றையும் கூட்ட வேண்டும்: திரை, விசைப்பலகை, சுட்டி, வெப் கேமரா, ஒலிபெருக்கி அல்லது காதணி ஒலிக்கருவி, வைஃபை இணைப்புக் கருவி, யு.பி.எஸ். மேசையும் நாற்காலியும் இல்லையெனில் அவற்றின் விலையும் சேரும்.

இவ்வாறு கூட்டிப் பார்த்தால் புதிய மேசைக்கணினிக்கும் அதே ஆற்றலுடைய புதிய மடிக்கணினிக்கும் உள்ள விலை வேறுபாடு நாம் எண்ணியதைவிடக் குறைவாகவே இருக்கும். அவ்வாறாயின் மேசைக்கணினியால் பயன் என்ன? பயன் வாங்கும் நாளில் தெரிவதில்லை; பின்வரும் ஆண்டுகளில் தெரியும்.

மடிக்கணினியில் திரை உடைந்தால், விசைப்பலகையில் நீர் சிந்தினால், கீல் முறிந்தால் முழுக் கருவியும் பழுதுபார்க்கும் கடைக்குச் செல்ல வேண்டும். மேசைக்கணினியில் விசைப்பலகை கெட்டால் விசைப்பலகையை மட்டும் மாற்றினால் போதும். மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பழுதானால் அதனை மட்டும் மாற்றலாம். பல நிறுவனங்கள் செய்த உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தும். சிற்றூர்க் கடைகளிலும் இவ்வுறுப்புகள் கிடைக்கும். பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் கிடைப்பார்கள்.

வளர்ச்சிக்கும் இதுவே பொருந்தும். இன்று 8 ஜி.பி. ரேம் போதும் என்று வாங்குகிறோம். மூன்றாண்டுகள் கழித்துப் போதாமற்போனால், மேசைக்கணினியில் மற்றொன்றைப் பொருத்திக்கொள்ளலாம். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் தாய்ப்பலகையோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டுள்ளது. அவற்றில் பின்னர் கூட்ட வழியில்லை. இன்று பணம் குறைவாக உள்ள வீட்டிற்கு இது மிகவும் இன்றியமையாத செய்தி. மேசைக்கணினியைச் சிறிதாகத் தொடங்கலாம். வருவாய் வரும்போது சிறிது சிறிதாக வளர்க்கலாம்.

கழுத்தும் கண்ணும்

மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் பிரிக்க இயலாதவாறு இணைந்துள்ளன. கைகளுக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் திரை தாழ்ந்துவிடும். தலை குனிய வேண்டும். கண்ணுக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் கைகளைத் தூக்கித் தட்டச்சு செய்ய வேண்டும். படுக்கையில் அமர்ந்தும் படுத்தும் பயன்படுத்தும் பழக்கமும் எளிதில் வந்துவிடுகிறது. வளரும் பருவத்தில் நாள்தோறும் பல மணி நேரம் குனிந்திருத்தல் கழுத்துக்கும் முதுகுக்கும் நல்லதன்று.

மேசைக்கணினித் திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் அமையுமாறு வைக்க முடியும். மடிக்கணினிகள் பெரும்பாலும் 14 அல்லது 15.6 அங்குலத் திரை உடையவை; மேசைக்கணினிக்கு 22 முதல் 24 அங்குலத் திரை பரவலாகக் கிடைக்கிறது. இருவர் சேர்ந்து ஒரு பாடத்தைப் பார்க்கவும், ஒரு பக்கம் பாடநூலும் மறுபக்கம் குறிப்பேடும் திறந்து வைக்கவும் அகலமான திரை உதவும். எத்திரையாயினும் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை, 20 அடித் தொலைவில் உள்ள பொருளை 20 நொடிகள் பார்த்துக் கண்ணுக்கு ஓய்வளித்தல் நன்று.

தமிழ் கற்கும் உங்களுக்கு மற்றொரு பயனும் உண்டு. 1999 ஆம் ஆண்டில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை அடுத்துத் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை முறையைப் பழகுவதற்கு, முழு அளவிலான தனி விசைப்பலகை வசதியாக இருக்கும். விசைகளின்மேல் தமிழ் எழுத்துகளை ஒட்டிக்கொண்டும் பழகலாம்.

எதிர்வாதங்களும் விடைகளும்

ஒரு கருத்தைக் கூறுபவர் அதற்கு எதிரான கருத்துகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இங்கு நான்கு எதிர்வாதங்களைக் காண்போம்.

முதலாவது, இடமாறுதல். மத்தியப் பள்ளிகளில் பயிலும் மாணவர் பலரின் பெற்றோர், மத்திய அரசுப் பணியிலோ, படைத்துறையிலோ இருப்பவர்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறும் குடும்பத்திற்கு மேசைக்கணினி சுமையாகாதா? ஆகும், ஆனால் அச்சுமை எத்தனை முறை வருகிறது என்று கணக்கிட வேண்டும். நாள்தோறும் தூக்கிச் செல்லுதல் வேறு. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெட்டியில் கட்டி அனுப்புதல் வேறு. தொலைக்காட்சியும் குளிர்பதனப் பெட்டியும் லாரியில் செல்லும்போது கணினியும் உடன் செல்லும். வாங்கியபோது வந்த அட்டைப்பெட்டிகளையும் நுரைத் தாங்கிகளையும் எறியாமல் வைத்திருந்தால் போதும்.

இரண்டாவது, மின்வெட்டு. இது வலிமையான வாதம். மின்சாரம் நின்றால் மேசைக்கணினியும் நின்றுவிடும். வீடுகளில் பரவலாகப் பயன்படும் சிறிய யு.பி.எஸ். கருவி, கோப்பைச் சேமித்துக் கணினியை முறையாக நிறுத்துவதற்கான சில நிமிடங்களையே தரும். அதன் மின்கலத்தையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு உள்ள ஊரில், இன்வெர்ட்டரும் இல்லாத வீட்டில், மேசைக்கணினியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது, மின்கட்டணம். மேசைக்கணினி கூடுதல் மின்சாரம் எடுக்கும் என்பது உண்மை. எவ்வளவு கூடுதல் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். திரையுடன் சேர்ந்து மேசைக்கணினி 100 வாட், மடிக்கணினி 40 வாட் எடுப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 4 மணி நேரம், மாதம் 30 நாள் பயன்படுத்தினால் முன்னதற்கு 12 யூனிட், பின்னதற்கு 4.8 யூனிட் ஆகும். வேறுபாடு 7.2 யூனிட். யூனிட்டுக்கு 7 ரூபாய் எனக் கொண்டால் மாதம் ஏறத்தாழ 50 ரூபாய்; ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 3,000 ரூபாய். இதனை மறைத்தல் கூடாது. மடிக்கணினியின் லித்தியம் அயனி மின்கலம் சில நூறு முறை மின்னேற்றியபின் ஆற்றல் குறைந்து, இடையில் ஒருமுறையேனும் மாற்ற நேரிடலாம் என்பதையும் மறத்தல் கூடாது. இரண்டையும் எதிரெதிரே வைத்து எண்ணினால், மின்கட்டணம் மட்டுமே முடிவைத் தீர்மானிப்பதற்குரிய காரணமன்று என்பது விளங்கும்.

நான்காவது, அரசுகளின் முன்மாதிரி. தமிழ்நாட்டில் 2011 ஆம் ஆண்டிலும், உத்தரப்பிரதேசத்தில் 2013 ஆம் ஆண்டிலும் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டங்கள் தொடங்கப்பட்டன. அரசுகளே மடிக்கணினியைத் தேர்ந்தெடுத்திருக்க, நாம் ஏன் மாற வேண்டும்? அரசு வழங்கியது தனியொரு மாணவருக்கு; அவர் உயர்கல்விக்குச் செல்லும்போது உடன் எடுத்துச் செல்வதற்கு. வீடு வாங்குவதோ அனைவருக்கும். நோக்கம் வேறாயின் கருவியும் வேறாதல் இயல்பே.

மடிக்கணினி ஏற்ற இடங்கள்

எனவே மடிக்கணினியே கூடாது என்பது என் கருத்தன்று. மூன்று சூழல்களில் அதுவே சரியான தேர்வு. நீண்ட மின்வெட்டு உள்ள ஊர் என்பதை முன்னரே கூறினேன். விடுதியில் தங்கிப் படிக்கச் செல்பவருக்கு மடிக்கணினிதான் வேண்டும். ஒரு மேசை போடவும் இடமில்லாத ஓரறை வீட்டிலும் அதுவே பொருந்தும்.

ஆனால் ஒன்பதாம் வகுப்பு மாணவர், "கல்லூரிக்குச் செல்லும்போது தேவைப்படும்" என்று இன்றே மடிக்கணினி கேட்பது சரியன்று. நான்கு ஆண்டுகள் கழித்து அவர் கல்லூரியில் நுழையும்போது, அதன் மின்கலம் தளர்ந்திருக்கும். உத்தரவாதக் காலமும் முடிந்திருக்கும். எந்தப் பாடத்தைப் பயிலப் போகிறார் என்பதும் இன்று தெரியாது. தேவை வரும்போது தேவைக்கேற்ப வாங்குவதே அறிவுடைமை.

பயன்படுத்திய கணினி வாங்கலாமா?

பணம் மிகக் குறைவாயின் இதுவும் ஒரு வழி. அலுவலகங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்த கணினிகள், தூய்மை செய்யப்பட்டுப் பழுது நீக்கப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. இங்கும் மேசைக்கணினிக்கே நம்பகம் மிகுதி. அது ஓரிடத்தில் நின்று உழைத்தது. கீழே விழுந்திருக்க வாய்ப்புக் குறைவு. தேய்ந்த மின்கலமும் அதில் இல்லை.

வாங்கும்போது மூன்றினை ஆராய வேண்டும். முதலில் நுண்செயலியின் தலைமுறை. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11 முறையாக இயங்குவதற்கு, இன்டெல் நுண்செயலியாயின் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிற்பட்டது வேண்டும். அதனினும் பழைய கணினியாயின் உபுண்டு போன்ற கட்டற்ற இயங்குதளத்தையோ, சி-டாக் நிறுவனம் நம் நாட்டில் உருவாக்கிய பாஸ் லினக்ஸையோ நிறுவிக்கொள்ளலாம். அடுத்து, சேமிப்பகம். சுழலும் வன்தட்டு இருந்தால், அதற்கு மாற்றாக அசையும் உறுப்புகள் இல்லாத எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தச் சொல்ல வேண்டும். பழைய கணினியின் வேகம் நன்கு கூடும். மூன்றாவது, எழுத்து வடிவிலான விலைச்சீட்டும் உத்தரவாதமும். விலைச்சீட்டு இல்லாமல் கிடைக்கும் மலிவு விலை, திருட்டுப் பொருளுக்கு உரியதாகவும் இருக்கலாம்.

பழைய கருவியைப் பயன்படுத்துதல் சுற்றுச்சூழலுக்கும் துணைசெய்யும். நம் நாட்டில் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 என்பவை 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. கணினியைக் குப்பையோடு சேர்க்காமல் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பிக்க வேண்டும். அதனினும் மேலானது, பயன்படும் கருவியைக் கழிவாகவிடாமல் மேலும் சில ஆண்டுகள் பயன்படுத்துதல்.

முடிவுரை

இவ்வளவும் கூறியபின் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். கணினி வாங்கும் முடிவு தந்தை மட்டுமோ, வீட்டில் மூத்த பிள்ளை மட்டுமோ எடுக்கும் முடிவாக இருத்தல் கூடாது. ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் கணினியால் என்ன செய்யப் போகிறார், நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் வேண்டும் என்பதை எழுதச் சொல்லுங்கள். கடைசித் தங்கையிடமும் கேளுங்கள், அன்னையிடமும் கேளுங்கள். ஊரின் மின்சார நிலையையும், வீட்டில் உள்ள இடத்தையும், கையில் உள்ள பணத்தையும் அதே தாளில் குறியுங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.

அத்தாளில் ஒரே பெயருக்கு எதிரே மட்டும் தேவை நிறைந்திருந்தால் மடிக்கணினி வாங்குங்கள். பல பெயர்களுக்கு எதிரே நிறைந்திருந்தால், அவர்கள் அனைவரும் வந்து அமரக்கூடிய ஒரு மேசையை முதலில் தேடுங்கள்.

சிந்தித்து விடையளிக்க

1. மடிக்கணினி 'பெயரளவில் குடும்பத்தின் சொத்து' என்று கட்டுரையாசிரியர் கூறுவதன் காரணம் யாது?
2. கணினிகளின் விலையை நேர்மையாக ஒப்பிடும் முறையை விளக்குக.
3. கட்டுரையாசிரியர் ஒப்புக்கொள்ளும் எதிர்வாதம் எது? அவர் அதனை ஏன் ஒப்புக்கொள்கிறார்?
4. மேசைக்கணினி, மடிக்கணினி ஆகியவற்றின் மின்செலவை, உங்கள் ஊர் மின்கட்டணத்தைக் கொண்டு கணக்கிடுக.
5. 'எங்கள் வீட்டிற்கு ஏற்ற கணினி' என்னும் தலைப்பில், கட்டுரையாசிரியரின் கருத்தை ஏற்றோ மறுத்தோ ஒரு பக்க அளவில் எழுதுக.